முப்பத்தைந்து வாரத்தில் பிறந்த பேரனும் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவும்

தென்மாவட்டம் ஒன்றின் தலைமை அரசு மருத்துவமனையில் இயங்கும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி இங்கே எழுதுகிறேன். என் மகள் வயிற்றுப் பேரன் 35 வாரம் நிறைந்த நிலையில் 2 கிலோ 200 கிராம் எடையுடன் அங்கே பிறந்தான். 34 வாரம் நிறைந்து, 37 வாரம் நிறையும் முன்பே குழந்தை பிறந்திருக்கும் வீட்டாருக்கு இது உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

பார்வைக்கு அவன் நிறைமாதக் குழந்தையாகவே தெரிந்தான். எடை மட்டும்தான் கொஞ்சம் குறைவு என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு சேர்வதும், கல்லீரல் முதிர்வதும், சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறன் கைகூடுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்களில்தான். இப்பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும் தோற்றத்தைப் பார்த்து ஏமாறாமல் முதல் மணி நேரத்திலிருந்தே அவனைக் குறைமாதக் குழந்தையாக நடத்தினார்கள். நான் இப்பிரிவை உயர்வாக மதிப்பிடுவதற்கு முதற்காரணம் இதுவே.

பிறந்தவுடன் துடைத்து, தொப்பி அணிவித்து, தாயின் மார்பில் கிடத்தினார்கள். அக்குளில் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முதல் சில மணி நேரம் மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டியது. நுரையீரலில் இருந்த நீர் வடியத் தாமதமாவதால் இப்படி நேரலாம் என்று விளக்கி, ஆக்சிஜன் வைத்துக் கண்காணித்தார்கள். அது தானாகச் சீரானது. இரத்தச் சர்க்கரை குறையும் ஆபத்து இருப்பதால் குதிகாலில் குத்தி அதையும் குறித்த இடைவெளிகளில் சோதித்தார்கள்.

பாலூட்டுவதில் காட்டிய பொறுமையைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். குழந்தை மார்பில் வாய் வைத்த சிறிது நேரத்திலேயே உறங்கிவிடுவான். பசித்து அழவும் மாட்டான். அழாத குழந்தையை நல்ல குழந்தை என்று நாம் பாராட்டுகிறோம், ஆனால் இவ்வயதில் அது சோர்வின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கவும், மீதியைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டவும் என் மகளுக்கு ஒரு செவிலியர் பக்கத்தில் அமர்ந்து கற்றுத்தந்தார். சேனை வைக்கலாமா என்று சம்பந்தியம்மாள் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை. "வேண்டாம்மா, தேனும் சர்க்கரைத் தண்ணியும் பிள்ளைக்கு ஆகாது. தாய்ப்பால் ஒரு சொட்டு கிடைச்சாலும் அதையே சேனையா வைங்க" என்றார். வீட்டுப் பெரியவர்களின் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்திருப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான்.

மஞ்சள் காமாலையில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் உச்சமடையும் மஞ்சள், இக்குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை ஏறிக்கொண்டிருக்கலாம். அதற்குள் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் என்ற பொருள் இரத்தத்தில் மிக உயர்ந்தால் மூளையைப் பாதிக்கும் என்பதால் இவர்களுக்கு இன்னும் குறைந்த அளவிலேயே சிகிச்சை தொடங்கப்படுகிறது. காலை வெயிலில் காட்டுவது இதற்கு ஈடாகாது. எங்கள் பேரனை நீல விளக்கின்கீழ், கண்களை மூடி, பால் தடைபடாமல் வைத்திருந்தார்கள். அளவு இறங்கி, எடையும் கூடத் தொடங்கிய பிறகே அனுப்பினார்கள். சீக்கிரம் அனுப்பும்படி எங்கள் வீட்டார் வற்புறுத்தியும் மருத்துவர் இணங்காதது நன்மையாக முடிந்தது.

குழந்தையைத் தோலோடு தோல் ஒட்ட மார்பில் அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகள் அனைவருக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், இயன்றவரை அதிகமாக, இதைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இங்கே தந்தைக்கும் எனக்கும்கூட வாய்ப்புத் தந்தார்கள். ஆனால் சாய்வு நாற்காலிகள் போதவில்லை. சிசேரியன் தையலோடு தாய்மார்கள் மர இருக்கையில் நெடுநேரம் காத்திருப்பது வருத்தமளித்தது.

சிகிச்சைக்கு எங்களிடம் பணம் எதுவும் வாங்கவில்லை. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவற்றை இலவசமாக வழங்கும் மத்திய அரசுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வைட்டமின் டி, இரும்புச்சத்துச் சொட்டுமருந்துகளை எப்போது தொடங்குவது என்றும், தடுப்பூசிகளைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் தமிழில் தெளிவாகச் சொன்னார்கள். பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மார்பு உள்வாங்க மூச்சுவிட்டாலோ விடியும்வரை காத்திராமல் தூக்கி வரச் சொன்னார்கள். ஆனால் கையில் தந்த அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. சொன்ன அறிவுரைகளைத் தமிழில் அச்சிட்டுத் தந்தால் எத்தனையோ தாய்மாருக்கு உதவும்.

மறுபரிசோதனை நாளில் இருமலும் காய்ச்சலுமாக வந்திருந்த பெரிய பிள்ளைகளின் வரிசையிலேயே நாங்களும் நிற்க நேர்ந்தது. நோய்த்தொற்றை எதிர்க்கும் வலு குறைந்த இக்குழந்தைகளுக்கென ஒரு தனி நேரமாவது ஒதுக்குமாறு ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன். அங்கே செல்பவர்கள் அனைவரும் இதையே எழுதிக் கேட்க வேண்டும்.