நாளைக்கும் வருகிறவருக்குச் சமைக்கும் கடைகள்

ஜனவரி முழுக்கச் சென்னையில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் மெல்போர்ன் திரும்பினேன். அடுத்து ஊருக்குக் கிளம்புகிற தோழிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எங்கே சாப்பிட்டே? வயிறு ஒத்துக்கிச்சா?" ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வயிறு ஒத்துக்கொண்டது. 26 நாளில் ஒரே ஒரு நாள்தான் சங்கடம். அதுவும் தெருவோரக் கடையாலோ மெஸ்ஸாலோ இல்லை. உறவினர் ஒருவர் விருந்தாகக் கூட்டிக்கொண்டு போன, கண்ணாடிக் கதவும் மெல்லிய இசையுமாக இருந்த ஒரு பெரிய உணவகத்தில்தான். குருமாவில் மிதந்த எண்ணெயைப் பார்த்ததுமே சுதாரித்திருக்க வேண்டும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் தனியாகப் போட்டிருந்தார்கள். அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. எடுத்துவிடச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே எடுத்தார்கள். நீங்களும் பில்லை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

மற்ற நாளெல்லாம் நான் சாப்பிட்டது திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகளில். அக்கா வீடு ராயப்பேட்டையில். இரண்டு பக்கமும் நடந்தே போய்விடலாம். இடுப்பு வலியோடு எனக்காக அவள் சமைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. "காலை டிபனும் மதியச் சாப்பாடும் நான் வெளியில பாத்துக்கறேன், ராத்திரி மட்டும் ரசஞ்சாதம் போடு" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

திருவல்லிக்கேணி எனக்குப் புதிதில்லை. 1998-லிருந்து மூன்று வருஷம் அங்கே ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு விடுதியில் அடுப்பு எரியாது. மூன்று பேராகக் கிளம்பி ரத்னா கஃபேக்குப் போவோம். 1948-ல் தொடங்கிய கடை, தொடங்கியது வடக்கிலிருந்து வந்த குப்தா குடும்பம். அவர்கள் கையால் மெட்ராஸுக்கே சாம்பார் இட்லி பெயர் வாங்கிக் கொடுத்தது என்பதில் இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தோஷம். அங்கே சாம்பாரைக் கிண்ணத்தில் வைப்பதில்லை. குவளையோடு வந்து, இட்லி மூழ்குகிற வரை ஊற்றுவார்கள். கையில் காசு குறைந்த மாதக் கடைசியில் ஆளுக்கு ஒரு பிளேட் இட்லியும் மூன்று தடவை சாம்பாருமாக நாங்கள் பசியாறியிருக்கிறோம். ஒரு சர்வர்கூட ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இந்த முறையும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் அதே கடைக்குத்தான் போனேன். நகரமெங்கும் கிளைகள் வந்துவிட்டன, ஆனால் எனக்குப் பழைய இடம்தான் வேண்டியிருந்தது. சாம்பார் அதே மாதிரி ஊற்றினார்கள். என் 16 வயது மகன் முதலில் ஸ்பூனால் இட்லியைத் தேடினான். இரண்டாவது குவளைக்கு அவனே கையைத் தூக்கிக் கூப்பிட்டான்.

அன்றைக்கு நான் நுழையத் தயங்கிய இடங்கள் மெஸ்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்த ஆண்களை நம்பி நடந்தவை அவை. வேலை தேடி வந்தவர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், பரீட்சைக்குப் படிப்பவர்கள் என்று வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். நாங்கள் தூக்குப் பாத்திரத்தில் குழம்பு வாங்கியதோடு சரி. அக்பர் சாகிப் தெருவில் இருக்கும் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கி, முறை வரும் வரை நின்று, இலை போட்டு உட்கார 25 வருஷம் கழித்துத்தான் எனக்கு வாய்த்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் இலையில் அடையாள அட்டை தொங்க இரண்டு பெண்கள், எனக்கு முன்னாலேயே ரசத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு மெஸ்ஸைப் பற்றி. அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று முதலாளியையே கேட்டேன். கல்லாவில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்து, "வேண்டாம்மா. கூட்டம் வந்துச்சுன்னா தெனம் வர்றவங்களுக்கு எடம் இருக்காது" என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அதனால் கடையின் பெயர் இல்லாமல் அங்கே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே கூடம். நீள மேஜைகள் ஆறு, தலைக்கு மேல் வேகமாகச் சுற்றும் விசிறிகள், சுவரில் முருகன் படமும் பால்காரர் கொடுத்த காலண்டரும். பதினொன்றரைக்குத் திறந்து மூன்று மணிக்குள் மூடிவிடுவார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் ஒரு பொரியல், ஒரு கூட்டு, ஊறுகாய், அப்பளம். பிறகு சாம்பார், வத்தக்குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், மோர். வெள்ளிக்கிழமை மட்டும் சேமியா பாயசம். நான் கொடுத்தது 110 ரூபாய். எத்தனை முறை சாதம் கேட்டாலும் அதே 110.

இரண்டாம் நாள் என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறவராம். அவர் இலையில் மட்டும் சாதம் கைப்பிடி அளவு, பொரியல் மூன்று கரண்டி. ஊறுகாய்க்காரர் நிற்காமல் தாண்டிப் போனார். சாம்பார் வாளி வரவில்லை, நேராக ரசம் வந்தது. அப்பளம் வைக்கப் போன புதுப் பையனின் கையை மூத்த பரிமாறுகிறவர் மெதுவாகத் தடுத்து, "ஐயாவுக்குப் பிரஷர்டா" என்றார். பெரியவர் தலை நிமிரவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் அவருக்கு வேண்டியது வந்தது, வேண்டாதது விலகிப் போனது.

மெல்போர்னில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்துக்கு ஒன்பது வருஷமாகப் போகிறேன். நல்லவர்கள், சிரித்துப் பேசுவார்கள். ஆனாலும் போகிற ஒவ்வொரு முறையும் கத்தரிக்காய் எனக்கு ஆகாது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மெஸ்ஸில் எண்ணெய் குறைவு, மசாலா குறைவு, சோடா மாவு நெடி இல்லை. ஏன் என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. இன்றைக்குச் சாப்பிடுகிறவர் நாளைக்கும் வர வேண்டும். இங்கே சாப்பிட்டுத்தான் அவர் மதியம் மூன்று மணிக்கு வேலை பார்க்க வேண்டும், ராத்திரி தூங்க வேண்டும். ஒரு நாள் நெஞ்சு கரித்தால் அந்த ஆள் போனவர் போனவர்தான். ஒரே ஒரு தடவை வந்து போகிறவரை அசத்த நினைக்கும் சமையலில் வெண்ணெயும் முந்திரியும் தானாக ஏறிவிடும். ஆகவே ஊருக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு கடைக்குள் நுழையுமுன் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பேன்ட் பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவர் செருகியவரும், பேங்க் ஊழியரும், மருந்துக்கடைப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் நீங்களும் உட்காரலாம். போகிற நேரமும் முக்கியம். பன்னிரண்டரைக்குள் போனால் எல்லாம் சூடாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் கூட்டு தீர்ந்திருக்கும், பரிமாறுகிறவர்களுக்கும் பசிக்கும்.

பரிமாறுகிறவர்களில் இப்போது பாதிப்பேர் ஒடிசா, அசாம், பீகார் பையன்கள். அந்த அப்பளப் பையனும் ஒடிசாதான், வந்து ஐந்து மாதம். "கொஞ்சம்", "போதும்", "இன்னும்", "சூடு" என்ற நான்கு சொற்களை வைத்துக்கொண்டு கூடம் முழுக்கச் சமாளிக்கிறான். "போதும்" என்று நாம் வாயால் சொன்னால் இன்னும் அரைக் கரண்டி விழும், இலைக்கு மேல் கையை விரித்துக் காட்டினால்தான் நிறுத்துவான். மூத்தவர் அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு நாள் ரயில் தூரத்தில் இருக்கும் அந்தப் பிள்ளை, இன்னொரு ஊர்ப் பெரியவருக்குப் பிரஷர் இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளப் பழகுகிறான். எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. நானும் வேறொரு நாட்டில் நான்கு சொல்லோடு வேலை தொடங்கியவள்தான்.

பணம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. இளநீர்க்காரர் வரை எல்லோரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. மெஸ் கல்லாவில் இருக்கும் பெட்டி, பணம் வந்ததும் இத்தனை ரூபாய் என்று உரக்கச் சொல்லும், முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நமக்குத்தான் சிக்கல். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கை ஆஸ்திரேலிய போன் எண்ணோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023-லேயே வழி வந்துவிட்டது, ஆனால் உங்கள் வங்கி அதை ஏற்க வேண்டும். என்னுடைய வங்கி முதல் வாரம் முழுக்க அலைக்கழித்தது. கிளம்புவதற்கு முன்பே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகப் பையில் வைத்திருங்கள். 500 ரூபாயை நீட்டினால் கல்லாவில் சில்லறை இல்லாமல் பின்னால் வரிசை நிற்கும்.

மயிலாப்பூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், காலையில் சீக்கிரம் போங்கள். சின்ன இடம், வெளியில் காத்திருக்கத்தான் வேண்டும், கெட்டிச் சட்னிக்காகக் காத்திருக்கலாம். கிழக்கு மாட வீதியில் 1927-லிருந்து இருக்கும் காளத்தி கடையில் ரோஸ் மில்க், கோவிலைச் சுற்றி வந்த வெயிலுக்கு அதைவிட ஒன்று வேண்டாம். இனிப்பு கூடுதலாக இருக்கும், நானும் மகனும் ஒன்றையே பகிர்ந்துகொண்டோம்.

மகனுக்குப் பிடித்தது வடசென்னைதான். சௌகார்பேட்டையில் சீனா பாய் கடையில் மாலைக்கு மேல் இரண்டே பண்டம், இட்லியும் ஊத்தப்பமும். இரண்டும் நெய்யும் பொடியுமாக மினுங்கும். தினமும் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை, ஆனால் அந்தத் தெருவில் கடை அடைத்துவிட்டு வருகிற வியாபாரிகளுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. இன்னொரு நாள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாம் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்தது அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். பக்கத்தில் நின்ற ஹார்பர் தொழிலாளி ஒருவர் மகனிடம், "தம்பி, சூப்பு எவ்ளோ வேணா கேளு, காசு கெடையாது" என்றார். மூன்று கிண்ணம் குடித்தான்.

மாநகராட்சி நடத்தும் மலிவு விலை அம்மா உணவகத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. 2013-ல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நான் போன அன்றைக்கும் அதே விலைதான். சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். சாம்பார் சாதத்தில் பருப்பு கொஞ்சம் கம்மி, ஆனால் சூடாக இருந்தது. என் பக்கத்தில் நின்று சாப்பிட்ட கட்டட வேலைக்காரப் பெண், தட்டை வழித்துவிட்டு இன்னொரு டோக்கன் வாங்கப் போனாள். வயிறு நிறைய இரண்டாம் தட்டு வாங்க முடிகிற விலையில் நகரத்தின் நடுவில் சோறு கிடைக்கிறது. இதைக் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் முழு மனதோடு நினைக்கிறேன்.

பெயர் சொல்லாத அந்த எங்கள் மெஸ் பொங்கலுக்கு ஐந்து நாள் மூடியிருந்தது. சமையல்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜனவரி நடுவில் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். மறுபடி திறந்த அன்று போனேன். அதற்கப்புறம் கிளம்பும் வரை ஒரு நாளும் விடவில்லை.

கடைசி நாள் வியாழக்கிழமை, மோர்க்குழம்பு நாள். எனக்குத் தயிர் சேர்த்துச் சமைத்தது ஒத்துக்கொள்ளாது. முதல் வாரம் ஒரு தடவை வேண்டாம் என்று கை விரித்திருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒடிசாப் பையன் வாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தான். என் இலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு கரண்டியை வாளிக்குள்ளேயே விட்டு, அடுத்த இலைக்குத் தாண்டிப் போனான். உள்ளே பார்த்து, "அக்காவுக்கு வத்தக்குழம்பு" என்று குரல் கொடுத்தான்.