கல்யாணமா, பார்ட்னர்ஷிப் பதிவா?
ஒரே பாலின ஜோடிங்களுக்கு சில நாடுகள்ல சட்டம் ரெண்டு விதமா வழி விட்டிருக்கு, ஒண்ணு கல்யாணம், இன்னொண்ணு கல்யாணம்னு சொல்லாம ஜோடின்னு மட்டும் பதிஞ்சுக்குற பார்ட்னர்ஷிப் பதிவு, பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், ஆனா குழந்தைன்னு வந்தா சாயம் வெளுத்துடும். டென்மார்க் 1989லயே உலகத்துலயே முதல்ல பார்ட்னர்ஷிப் பதிவு கொண்டு வந்துச்சு, பெரிய விஷயம்தான், ஆனா 2010 வரைக்கும் சேர்ந்து தத்தெடுக்க முடியாம இருந்துச்சு, கல்யாணம்னு சொல்லிக்க 2012 வரைக்கும் காத்திருந்தாங்க. இத்தாலி 2016ல இதே மாதிரி பதிவுக்கு சட்டம் போட்டப்போ துணையோட குழந்தைய தத்தெடுக்குற பிரிவையே தூக்கிட்டாங்க, ராத்திரி ஜுரத்துல கூடவே முழிச்சிருந்து வளர்த்த இன்னொரு அம்மா, இது என் பிள்ளைன்னு சொல்றதுக்கே கோர்ட் படி ஏற வேண்டியிருந்துச்சு.

பிரான்ஸ்ல 1999ல வந்த பாக்ஸ் (PACS), அதாவது ஜோடியா வாழ ரெண்டு பேர் போட்டுக்குற ஒப்பந்தம், வேற ரகம். பிரியணும்னா ஒருத்தர் நோட்டீஸ் குடுத்தாலே போதும், ஆனா உயில் எழுதாம துணை போயிட்டா சொத்து தானா வராது. (வேடிக்கை என்னன்னா இப்ப அத அதிகமா எடுக்குறது ஆண்-பெண் ஜோடிங்கதான்.)

கல்யாணம்னா நெதர்லாந்துல 2001லயே வந்துடுச்சு, தாய்லாந்துல 2025ல வந்துச்சு. அதுலயும் ஓட்டை இருக்கும்ங்க, தைவான்ல 2019ல கல்யாணமே வந்தும் தத்தெடுக்குற உரிமை முழுசா கிடைச்சது 2023லதான். இருந்தாலும் என் ஓட்டு கல்யாணத்துக்குத்தான், ஆஸ்பத்திரி ஃபார்ம்ல உறவுமுறைன்னு கேட்டா ஒரே வார்த்தைல எழுதிட்டு உள்ள போயிடலாம்.