வாலிபால் ஆடும் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி? மொரீஷியஸிலிருந்து ஓர் ஒப்பீடு

என் மகளின் உயரம் 163 செ.மீ. சின்ன வயதிலிருந்து அவளோடு ஒரே கிளப்பில் ஆடும் தோழியின் உயரம் 181 செ.மீ. இரண்டு பேரும் இந்த வருடம் எச்எஸ்சி என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறார்கள். படிப்பையும் விடக்கூடாது, வாலிபாலையும் விடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் பிடிவாதம். அமெரிக்கா, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியன், தென்னாப்பிரிக்கா, தமிழ்நாடு, அப்புறம் இங்கேயே ரெதுயில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகம் என்று ஒரே பட்டியலை வைத்துக்கொண்டுதான் இரண்டு குடும்பமும் ஆறு மாதம் அலசினோம். கடைசியில் இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை கிடைத்தது. ஏன் அப்படி ஆனது என்று எழுதி வைத்தால் மற்ற பெற்றோருக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர், உதவித்தொகை, ஜிம்னாஸியத்தின் படம் இவற்றைத்தான் முதல் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தோம். "அம்மா, அங்கே என்னை இறக்குவாங்களா?" என்று மகள் கேட்ட பிறகுதான் கணக்கே மாறியது. வாலிபாலில் ஒரு பக்கம் களத்தில் நிற்பவர்கள் ஆறு பேர். நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்காகக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

சரி, அமெரிக்கா. பெண்கள் வாலிபாலுக்குக் கல்லூரி அளவில் இவ்வளவு பெரிய இடம் உலகில் வேறு எங்கும் இல்லை. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், கல்வி நிலையங்களில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்றது. அதன் பிறகுதான் பெண்கள் அணிகளுக்குப் பணமும் பயிற்சியாளர்களும் வந்தார்கள். 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் ஆட்டத்தை அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் உட்கார்ந்து 92,003 பேர் பார்த்தார்கள். அந்த வீடியோவை எங்கள் வீட்டில் எத்தனை முறை ஓட்டியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை.

ஆனால் "அமெரிக்கக் கல்லூரி" என்பது ஒரே பொருள் இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்புக்குள் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள். 2024-25 வரை அங்கே ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகை என்பது வரம்பு. 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் 18 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. இரண்டாம் பிரிவில் 8 உதவித்தொகைக்குச் சமமான தொகையைப் பல பேருக்குப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது, படிப்புக்கோ குடும்ப வருமானத்துக்கோதான் உதவி. இவை தவிர என்ஏஐஏ என்ற தனி அமைப்பும், இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகளும் இருக்கின்றன. ஜூனியர் கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு நான்கு வருடக் கல்லூரிக்கு மாறும் வெளிநாட்டுப் பெண்கள் நிறைய.

இனி விதிகள். இதில்தான் என் மகளுக்கு ஆசை எழுந்தது. நாம் இங்கே ஆடும் சர்வதேச விதியில் ஒரு செட்டுக்கு 6 முறைதான் ஆள் மாற்றலாம். அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 15. அதனால் உயரமான பெண் முன்வரிசையில் அடித்து, எதிரணியின் அடியை வலையிலேயே தடுத்து (பிளாக் செய்து) முடித்ததும் வெளியே வருவாள். பின்வரிசைக்கு, எதிரணியின் சர்வை நன்றாக எடுக்கும் (ரிசீவ் செய்யும்) குட்டைப் பெண் உள்ளே போவாள். பின்வரிசையில் மட்டும் நின்று பந்து எடுப்பவர் லிபரோ. லிபரோ சர்வ் போடக்கூடாது என்பது சர்வதேச விதி, அங்கே சுழற்சியில் ஓர் இடத்தில் போடலாம். என் மகள் லிபரோ. சர்வ் போட வேண்டும் என்பது அவளுடைய பல வருடக் கனவு. "எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஏறக்குறைய நாற்பது கல்லூரிகளின் அணிப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகு நம்பிக்கை குறைந்தது. அந்தப் பட்டியல்களில் ஒவ்வொருவரின் உயரம், நிலை, எந்த வருடம், எந்த ஊர் எல்லாமே இருக்கும். வெளிநாட்டுப் பெண்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் உயரமான அடிப்பவர்கள், நடு பிளாக்கர்கள், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் சில செட்டர்கள். லிபரோக்கள் எல்லாம் அந்தந்த மாநிலத்துப் பெண்கள். காரணம் புரிகிறது. 165 செ.மீ. உயரத்தில் நன்றாக ரிசீவ் செய்யும் பெண்கள் அவர்கள் ஊர் கிளப்களிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடல் தாண்டி ஆள் தேடுவது, வலைக்கு மேலே கை நீட்டுபவருக்குத்தான். பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர், அதற்கு மேலே எவ்வளவு எட்டுகிறாள் என்பதைத்தான் பயிற்சியாளர்கள் முதலில் கேட்டார்கள். விதி குட்டைப் பெண்ணுக்கு இடம் தருகிறது, ஆனால் பணம் உயரமான பெண்ணுக்குப் போகிறது. இதை எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதனால்தான் தோழிக்கு அமெரிக்கா சரியாக வந்தது. மூன்று இடங்களிலிருந்து பதில் வந்ததில், இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதன் பயிற்சியாளர், "எங்கள் நடு பிளாக்கர்களில் இரண்டு பேர் கடைசி வருடம், நீ வரும்போது அந்த இடம் காலி" என்று தெளிவாகச் சொன்னார். ஒரு பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு, நாங்கள் கேட்காமலே அவர் பதில் சொல்லிவிட்டார். இப்போது வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் அனுபவசாலிகளைப் பல பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள். புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பெண் அவர்களோடும் போட்டியிட வேண்டும். அதனால் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

முகவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். எங்களிடம் முன்பணம் வாங்கிய ஒருவர், "முழு உதவித்தொகை" என்று சொல்லி ஒரு கடிதம் கொண்டுவந்தார். வருடச் செலவு 38,000 டாலர், கல்லூரி தருவது 12,000 என்று உள்ளே இருந்தது. மீதி 26,000 டாலர் நம் பணத்தில் பதினோரு லட்சம் ரூபாய்க்கு மேல். அதுவும் ஒரு வருடத்துக்கு! கடிதத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்காதீர்கள், நாம் கட்ட வேண்டிய மீதி எவ்வளவு என்று பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு அந்த மீதியைக் காட்ட வங்கிச் சான்றும் வேண்டும். உதவித்தொகை ஒரு வருடத்துக்கு மட்டுமா, முழங்கால் போனால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

காகித வேலை பற்றியும் இரண்டு வார்த்தை. என்சிஏஏ முதல் இரண்டு பிரிவுகளுக்கு 16 முக்கியப் பாடங்களின் மதிப்பெண் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணக்கில் வரும் என்பதால் பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை 2023 முதல் என்சிஏஏ கேட்பதில்லை, சில கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்கலாம். வீடியோ அனுப்பும்போது சிறந்த அடிகளை மட்டும் வெட்டி ஒட்டாமல் ஒரு முழு செட்டையும் சேர்த்து அனுப்புங்கள். தவறு செய்த பிறகு அந்தப் பெண் அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறாள் என்று பார்க்க விரும்புகிறார்கள்.

இப்போது ரியூனியன். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நம்மவர்கள் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. விமானத்தில் முக்கால் மணி நேரம். பிள்ளைகளுக்கு பிரெஞ்சு பள்ளியிலிருந்தே தெரியும், கிரியோலும் ஏறக்குறைய புரியும். ரியூனியன் பல்கலைக்கழகத்தின் ஸ்டாப்ஸ் படிப்பு, அதாவது விளையாட்டு அறிவியலும் உடற்கல்வியும் சேர்ந்த மூன்று வருடப் பட்டம், தெற்கே லெ தம்போன் வளாகத்தில் நடக்கிறது.

பிரான்ஸின் முறையே வேறு. அங்கே பல்கலைக்கழகம் படிப்பைத் தருகிறது, ஆட்டம் கிளப்பில். மாணவர்களுக்கான போட்டிகள் இருந்தாலும் உண்மையான பருவம் கிளப் லீக்தான். இதில் ஒரு குறை, ஒரு நிறை. குறை என்னவென்றால், உதவித்தொகை என்று யாரும் கொடுக்க மாட்டார்கள், பயிற்சிக்கும் வகுப்புக்கும் நடுவே நீயேதான் ஓட வேண்டும். நிறை என்னவென்றால், ஒரு கிளப்பில் இடமில்லை என்றால் கல்லூரியை மாற்றாமலே அடுத்த கிளப்புக்குப் போகலாம். அமெரிக்காவில் அணி மாறினால் படிப்பும் ஊரும் சேர்ந்தே மாறும். ரியூனியனில் பருவமும் நீளம். அமெரிக்கப் பருவம் ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடும், அதன் பிறகு வசந்தகாலத்தில் பெரும்பாலும் பயிற்சிதான்.

இன்னொன்றையும் யோசித்தோம். ரியூனியனில் சர்வதேச விதிப்படிதான் ஆட்டம். லிபரோ சர்வ் போட முடியாது, மகளுக்கு அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நம் தேசிய அணிக்குத் தேர்வு வைத்தால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டிகளைக் கனவு காணும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

செலவைப் பார்த்தால், பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்கு வருடப் பதிவுக் கட்டணம் 200 யூரோவுக்கும் குறைவு. வெளியாருக்கு இளநிலைப் படிப்புக்கு 2,800 யூரோவுக்கு மேல், சில பல்கலைக்கழகங்கள் இதில் விலக்கு தருகின்றன. வெளிநாட்டு மாணவர் வருடத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மருத்துவக் காப்பீட்டில் மாணவராக இலவசமாகப் பதிவு செய்யலாம். வாரத்துக்கு நான்கு நாள் தரையில் விழுந்து எழும் லிபரோவின் அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருப்பவள் என் மகள். அங்கேயும் காவடி எடுக்கிறார்கள், கோயில் இருக்கிறது. இது ஒப்பீட்டுப் பட்டியலில் எழுதவேண்டிய விஷயமா என்று தெரியாது, என் மனதில் அது முதல் வரிசையில் இருந்தது.

தென்னாப்பிரிக்காவைச் சீக்கிரம் கடந்துவிட்டோம். டர்பனில் உறவினர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகங்கள் நல்லவை. ஆனால் அங்கே பெண்களின் பெரிய அணி விளையாட்டு நெட்பால். 2023 நெட்பால் உலகக் கோப்பை கேப் டவுனில்தான் நடந்தது, பல்கலைக்கழக நெட்பாலுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் உண்டு. வாலிபால் அதற்குப் பின்னால்தான். கல்வியாண்டும் பிப்ரவரியில் தொடங்குகிறது, நம் எச்எஸ்சி முடிவு வந்து மூச்சு விடுவதற்குள் அங்கே வகுப்பு ஆரம்பித்துவிடும்.

தமிழ்நாடு என் கணவரின் ஆசை. ஊர்ப் பொட்டலில் வலை கட்டி வாலிபால் ஆடும் மண் அது. கல்லூரிகளுக்கு இடையே, பிறகு தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே, அப்புறம் அகில இந்திய அளவில் என்று போட்டிகள் படிப்படியாக உண்டு. ஆனால் விளையாட்டு ஒதுக்கீடு, இந்தியாவில் மாநில, தேசியப் போட்டிகளில் சான்றிதழ் வாங்கியவர்களை மனதில் வைத்துச் செய்தது. நம் பிள்ளை வெளிநாட்டு மாணவியாகவோ இந்திய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் ஐசிசிஆர் உதவித்தொகையிலோ போக வேண்டும், அந்த உதவித்தொகைக்கு வாலிபால் கணக்கில்லை. தமிழ் படிக்கப் போகும் பெண் என்றால் யோசிக்காமல் அனுப்பியிருப்பேன்.

கடைசியாக வீடு. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ரெதுயில் படித்துக்கொண்டே கத்ர்போர்னிலோ வாக்வாவிலோ கிளப்பில் ஆடலாம், எதிரணிப் பெண்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள். குறை அதேதான்: ஏற்கெனவே தெரிந்த பந்துகளையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் காசு இல்லாத இடத்தில் கடன் வாங்கி அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். எங்கள் இரண்டாவது விண்ணப்பம் இதுதான்.

மகளின் முதல் விண்ணப்பம் லெ தம்போன். உடற்கல்வி ஆசிரியையாக வேண்டும் என்பவளுக்கு ஸ்டாப்ஸ் பொருத்தமாக இருக்கிறது. பிரான்ஸில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசு அமைப்பு காம்பஸ் பிரான்ஸ், அதன் வழியான விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறந்து டிசம்பர் நடுவில் மூடிவிடும், அதே வாரங்களில்தான் எச்எஸ்சி தேர்வும். அதனால் படிவங்களை நான் நிரப்புகிறேன், அவள் படிக்கிறாள். தோழி நேற்று மாலை வந்திருந்தாள். "ஆன்ட்டி, நான் போனப்புறம் எனக்குப் பின்னாடி யார் பந்து எடுப்பாங்க?" என்று கேட்டாள். என் மகள் பதில் சொல்லாமல் பந்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். இருட்டும் வரை இரண்டு பேரும் பாஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.