பிழையை மறைத்து காலிப் பட்டியல் தரும் டிக்கெட் கருவி

வாடிக்கையாளர் புகார்களை டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடர எங்கள் குழு ஒரு கருவி வைத்திருக்கிறது. சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்டை அதோடு சேர்க்க உதவும் ஏஜென்ட் இணைப்புக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. “நீங்கள் ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறீர்களே, நானும் இணைக்கலாமா?” என்று நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் காரணங்களோடு எழுதுகிறேன். கருவியின் பெயர் வேண்டாம். இதே குறை இன்னும் பல கருவிகளில் உண்டு.

வேகத்தில் குறையில்லை. மனிதர்களுக்கான கையேடும் அருமை. ஒவ்வொரு பொத்தானுக்கும் படம், ஒவ்வொரு வேலைக்கும் வீடியோ. ஆனால் ஏஜென்ட் ஒரு கருவியை அழைக்கும் நேரத்தில் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைத்தால், ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலின் கைக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வது கருவியின் பெயர், சில வரி விளக்கம், உள்ளீடுகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா, அவ்வளவுதான். அந்தச் சில வரிகளில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும்.

என் கோபம் முழுக்க, இந்த இணைப்பு ஏஜென்டுக்குத் தரும் கருவிகளில் ஒன்றான தேடல் கருவியில் உள்ள ஒரே ஒரு புலத்தின் (மதிப்பை நிரப்பும் இடத்தின்) மேல். டிக்கெட்டின் நிலையைக் குறிக்கும் புலம் அது. அதற்கு எழுதியிருக்கும் விளக்கம்: ‘டிக்கெட்டின் நிலை’. வகை: சரம், அதாவது எந்த எழுத்துத் தொடரும் செல்லும். என்னென்ன மதிப்புகள் செல்லும் என்று ஒரு சொல் கிடையாது. ஏஜென்ட் ‘ஓப்பன்’ என்று அனுப்புகிறது. சர்வருக்குத் தெரிந்ததோ ‘ஆக்டிவ்’. சரி, தவறான மதிப்பு என்று திருப்பியனுப்ப வேண்டும் அல்லவா? அனுப்பாது. அழைப்பு வெற்றி என்று சொல்லி ஒரு காலிப் பட்டியலைக் கொடுக்கும். ஏஜென்டும் அதை நம்பி “நிலுவையில் எதுவும் இல்லை” என்று அறிக்கை தரும். அப்படி வந்த ஓர் அறிக்கையால் வாடிக்கையாளரின் அவசரப் புகார் ஒன்று வாரக் கடைசி முழுக்க யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

திரையில் தேடும் மனிதருக்கு இந்தச் சிக்கலே வராது. கீழே விரியும் பட்டியலில் இருப்பதைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். மாடலுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. ‘கேட்டது தவறு’, ‘கேட்டது இல்லை’ இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் எவ்வளவு நல்ல மாடலாலும் பிரித்தறிய முடியாது.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையும் இல்லை. அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை வரிசையாகக் குறிப்பிட ஜேசன் ஸ்கீமாவிலேயே இடம் இருக்கிறது. ஒரு வரி போதும். உதவிக் குழுவுக்கு எழுதினேன். கையேட்டில் அந்த விரியும் பட்டியலின் படம் உள்ள பக்கத்தின் முகவரி பதிலாக வந்தது!

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புதிய பதிப்பில் தேதிப் புலத்தை அழகாகத் திருத்தியிருக்கிறார்கள். முன்பு 03/04/2025 என்று போனால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்று யாருக்கும் தெரியாது. இப்போது ‘ஆண்டு-மாதம்-நாள், 2025-04-03 போல’ என்று விளக்கத்திலேயே இருக்கிறது. மாற்றி அனுப்பினால் பிழைச் செய்தியும் சரியான வடிவத்தைச் சொல்கிறது. பிழை என்ற குறியோடு அது மாடலுக்கே திரும்பிப் போவதால், ஏஜென்ட் தானே திருத்திக்கொண்டு மறுபடி அழைக்கிறது. நான் தலையிடவே வேண்டியிருக்கவில்லை. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நீக்கும் கருவியின் விளக்கம் இன்னும் மேல்: ‘நீக்கியதை மீட்க முடியாது. பார்வையிலிருந்து அகற்றினால் போதுமென்றால் ஆர்கைவ் கருவியை அழைக்கவும்.’ எப்போது இதைத் தொடக்கூடாது என்று சொல்லும் இப்படியொரு வாக்கியம், அம்சங்களைப் பட்டியலிடும் ஒரு பக்கத்தைவிட உதவும். ‘இது தரவை அழிக்கக்கூடிய செயல்’ என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எம்சிபியில் அது வெறும் குறிப்புதான், பாதுகாப்பு ஆகாது. நீக்கும் முன் என்னிடம் அனுமதி கேட்கும் அமைப்பை நான் அணைக்கவில்லை.

ஏஜென்டுக்காக நிறைய எழுத வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இணைத்த கருவிகளின் விளக்கங்கள் பொதுவாக ஒவ்வொரு உரையாடலிலும் சூழலில், அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவான உரையில், இடம் பிடிக்கும். நீளமாக எழுதினால் வேலைக்கான இடம்தான் குறையும்.

நிலைகளின் பெயர்களை எங்கள் ஏஜென்டின் அறிவுறுத்தல் கோப்பில் நானே எழுதி வைத்தேன். கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் அவர்கள் ஒரு நிலையின் பெயரை மாற்றினார்கள். மறுபடியும் காலிப் பட்டியல்.

நான் பயன்படுத்திய டிக்கெட் கருவிகளில் ஏஜென்ட் இணைப்பு இவ்வளவு நன்றாக உள்ளது வேறில்லை. ஆனாலும் இணைக்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். தேதியில் இவ்வளவு அக்கறை காட்டத் தெரிந்தவர்கள், திரும்பத் திரும்பச் சொல்லியும் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் தேடலை மட்டும் ஏஜென்டிடமிருந்து எடுத்துவிட்டேன். டிக்கெட் போடுவதும் கருத்து சேர்ப்பதும் ஓடுகின்றன. நிலுவையில் என்ன இருக்கிறது என்பதைக் குழுவில் ஒருவர் தினமும் திரையில் பார்க்கிறார்.