இதயம் தளர்ந்த முதியவரை யார் பார்த்துக்கொள்வது: முழுநேர உதவியாளரா, பராமரிப்பு இல்லமா, வாரம் வரும் நர்ஸா?

இதயச் செயலிழப்புக்கு, அதாவது இதயத்தால் போதிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் உடம்பில் நீர் சேரும் நிலைக்கு, சிகிச்சை பெற்ற முதியவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் மாத்திரைகளின் பட்டியல் இருக்கும், அடுத்த பரிசோதனைத் தேதி இருக்கும், உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு வரியும் இருக்கும். வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் இருக்காது. எண்பதைக் கடந்த என் மாமியாருக்காக நானும் என் கணவரும் அந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: வீட்டோடு தங்கும் உதவியாளர், முதியோர் பராமரிப்பு இல்லம், வாரம் ஒருமுறை வரும் பயிற்சி பெற்ற நர்ஸ். மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, வீட்டுக்குள் அந்நியர் நடமாட்டம், முதியவரின் தனிமை ஆகியவற்றைப் பற்றி நான் விரிவாக எழுதப் போவதில்லை. அவை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதம். வேறொரு கேள்விதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது: உடம்பில் மெல்ல மெல்ல நீர் சேரும்போது அதை முதலில் கண்டுபிடிக்கப் போவது யார்?

இதய நோய் என்றதும் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் நம் நினைவுக்கு வருகிறது. வயதானவர்களின் இதயச் செயலிழப்பு பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இன்று கொஞ்சம் களைப்பு, நாளை பசியில்லை, மறுநாள் படுத்தால் தூக்கம் வரவில்லை, நான்காம் நாள் பேச்சில் லேசான குழப்பம் என்று நகரும். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போது நுரையீரலில் நீர் கோத்து, நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வரும். அந்த நள்ளிரவுக்கு முந்தைய சில நாட்களில்தான் தடுப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது.

முதலில் உதவியாளர். குளிக்க வைப்பது, நடக்கும்போது கைபிடிப்பது, வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, பேச்சுத்துணை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. இரவு நேரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் எழுந்தவுடன் தலை சுற்றும். இடுப்பெலும்பு முறிவதற்கு அந்த ஒரு நொடி போதும். பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருப்பது பெரிய காவல்.

ஆனால் தினமும் பார்க்கும் குழந்தை வளர்வது பெற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாதது போல, கூடவே இருப்பவர் கண்ணுக்குக் கால் வீங்குவது தெரிவதில்லை. இதில் உதவியாளரைக் குறைசொல்ல எதுவுமில்லை, அவருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. அதோடு பல ஏற்பாடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த மாதம் இருப்பவருக்குப் போன மாதத்துக் கால் எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்?

பராமரிப்பு இல்லத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு. நாங்கள் வெளியூர் போக வேண்டிவந்தபோது குறுகிய காலம் மாமியாரை அங்கே விட்டிருந்தோம், அவ்வளவுதான். எந்த நேரமும் நர்ஸ் உண்டு, ஆக்சிஜன் உண்டு, கூப்பிட்டால் மருத்துவர் வருவார். படுக்கையை விட்டு எழவே முடியாதவர்களுக்கும், ஞாபக மறதி முற்றியவர்களுக்கும் அதுவே சரியான இடமாக இருக்கலாம். நான் கவனித்தது இரண்டு விஷயங்கள். பழகிய அறையும் பழகிய முகங்களும் மாறியதில் மாமியாருக்கு முதல் சில இரவுகள் குழப்பமாக இருந்தன. மற்றொன்று, வேளைக்கு வேளை ஆள் மாறும்போது ஒருவர் கவனித்தது அடுத்தவருக்குப் போய்ச் சேருவது, அந்த இல்லம் எவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெழுதுகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல இல்லங்களில் அது சரியாகவே நடக்கும். சேர்ப்பதற்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட, அவர்களுடைய எடைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள்.

எடைதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கணுக்காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சில லிட்டர் நீர் உடம்பில் சேர்ந்திருக்கலாம். சாப்பாட்டால் மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறாது. ஏறினால் அது நீர். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதலும் 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் திடீரென ஏறினால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் மருத்துவர் இதைவிடக் கறாரான எல்லை வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எடை பார்க்கும் முறையை எங்கள் நர்ஸ் முதல் நாளே வகுத்துக் கொடுத்துவிட்டார். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஏறத்தாழ ஒரே கனமுள்ள உடையில், அதே கருவியில் பார்க்க வேண்டும். கருவி விரிப்பின் மேல் இருக்கக்கூடாது, கெட்டியான தரையில் இருக்க வேண்டும். நோட்டில் ஒரு வரி: தேதி, எடை, எத்தனை தலையணை. வேறொன்றும் வேண்டாம் என்றார். அதிகம் எழுதச் சொன்னால் இரண்டாம் வாரத்தில் யாரும் எழுத மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம்.

தலையணைக் கணக்கு எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால் என் மாமியார் எப்போதும் "இல்லையே" என்றுதான் சொல்வார். பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எண்ணம். நர்ஸ் அப்படிக் கேட்பதில்லை. "பாட்டி, நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துக்கொண்டீர்கள்?" என்பார். "இரண்டுதான் கண்ணு. அப்புறம் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்" என்று பதில் வரும். அதிலேயே விஷயம் வந்துவிடுகிறது. நீர் சேர்ந்திருப்பவரால் தட்டையாகப் படுக்க முடியாது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு நாற்காலியிலேயே இரவு கழியும்.

பிறகு காலைப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு எடுப்பார். குழி விழுகிறதா, விழுந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது, போன வாரம் கணுக்காலோடு நின்றது இந்த வாரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். படுத்தே இருப்பவர்களுக்கு நீர் காலில் தேங்காது, கீழ்முதுகில்தான் தேங்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். படுக்கைப் புண் வருமிடமும் அதுவே என்பதால் அங்கே இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

எடை ஏறாமலே ஏமாற்றும் நிலையும் உண்டு. நாள்பட்ட இதயச் செயலிழப்பில் சதை கரையும். கரைந்த சதைக்கு ஈடாக நீர் சேர்ந்தால் கருவி அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை நோட்டில் எந்த மாற்றமும் இல்லை. நர்ஸோ மாமியாரின் மோதிரம் தளர்ந்திருப்பதையும் செருப்பு இறுகியிருப்பதையும் பார்த்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்தார். எந்நேரமும் பக்கத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அளப்பார். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் விழும் அபாயம் கூடுகிறது என்று பொருள். நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுவார், ஏனென்றால் துடிப்பு சீரற்றிருக்கும் முதியவர்களுக்குப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தவறும். மருந்துப் பெட்டியையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பார். மூட்டுவலிக்காக யாரோ வாங்கிக் கொடுத்த ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் பலவற்றில் சோடியம் அதிகம். உப்புக்குப் பதிலாக விற்கும் மாற்று உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும் ஒருவகை நீர் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். நீர் பிரிக்கும் மாத்திரையின் இரண்டாம் வேளையை மருத்துவரிடம் கேட்டுப் பிற்பகலுக்கு மாற்றிவைத்தவரும் அவர்தான். இரவில் எழுந்திருப்பது பாதியாகக் குறைந்தது.

வீட்டாரே எடை பார்த்து எழுதிக்கொண்டால் போதாதா, நர்ஸ் எதற்கு என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு ஆய்வுகளில் ஓரளவு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 70 வயதோ அதற்கு மேலோ ஆன 282 இதயச் செயலிழப்பு நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நர்ஸின் தலைமையில் கற்பித்தல், உணவு ஆலோசனை, மருந்துச் சீரமைப்பு, வீடு திரும்பிய பின் தொடர் கவனிப்பு ஆகியவற்றை அளித்தார்கள். 1995-இல் வெளியான முடிவின்படி, 90 நாட்களில் இதயச் செயலிழப்புக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தது வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 54 முறை, நர்ஸ் பிரிவில் 24 முறை.

மாறாக, தினமும் தானியங்கித் தொலைபேசிக்கு எடையையும் அறிகுறிகளையும் சொல்லும் ஏற்பாடு ஒன்றை அமெரிக்காவில் 1,653 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்துச் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவில் மறுசேர்க்கையிலும் சரி, இறப்பிலும் சரி, வித்தியாசமே இல்லை. பிறகு ஜெர்மனியில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் தொலைக் கண்காணிப்பு பலன் தந்தது. அங்கே வந்துசேரும் எண்களை இரவும் பகலும் மருத்துவர்களும் நர்ஸ்களும் பார்த்து உடனுக்குடன் நடவடிக்கை எடுத்தார்கள். எண்ணை எழுதுவது யாராலும் முடியும். அதைப் படித்து, அன்றே ஏதாவது செய்யத் தெரிந்த ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும். அந்த ஆள் வாரம் அரை மணி நேரம்தான் வீட்டில் இருந்தாலும் எனக்குப் போதும்.

இந்த வழிக்கும் ஓட்டைகள் உண்டு. தினமும் எடை எழுத வீட்டில் ஒருவராவது பொறுப்பேற்க வேண்டும். எல்லோரும் காலையில் வேலைக்கு ஓடும் வீடு என்றால் இது நடக்காது. இரவுக் காவல் இதில் இல்லை. நாங்கள் கழிப்பறை வழியில் விளக்கும் கைப்பிடியும் வைத்துச் சமாளிக்கிறோம். மாமியாரால் இன்னும் கருவியின் மேல் நிற்க முடிகிறது என்பதும் எங்கள் அதிர்ஷ்டம்; நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலி வடிவ எடைக் கருவி தேவைப்படும். நோயின் கடைசிக் கட்டத்தில், ஊசி வழியாக மருந்து, ஆக்சிஜன் என்று வரும்போது வாரம் ஒருமுறை வருகை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவமில்லை. அப்போது இந்த முடிவை மாற்ற வேண்டிவரலாம். மார்புவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை வந்தால் நர்ஸுக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

வசதி இருப்பவர்கள் உதவியாளரையும் நர்ஸையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். உதவியாளர் எழுதட்டும், நர்ஸ் படிக்கட்டும். உதவியாளர் மட்டும்தான் முடியும் என்றால், எடை நோட்டையும் தலையணைக் கேள்வியையும் அவருக்குக் கற்றுக்கொடுத்து, எந்த எண்ணைத் தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

நர்ஸைத் தேடுகிறவர்கள் சான்றிதழைப் பார்த்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நீங்கள் வரும் நாளில் எடை ஒன்றரை கிலோ ஏறியிருந்தால் என்ன செய்வீர்கள்?" மறுபடி எடை பார்ப்பேன், மாத்திரை விட்டுப்போனதா என்று கேட்பேன், மூச்சையும் காலையும் பார்ப்பேன், பிறகு மருத்துவரிடம் பேசுவேன் என்று இதே வரிசையில் சொல்பவரை வரச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டம் ஏதும் இல்லாமலே நீர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிடுவேன் என்பவர் வேண்டாம்.