ஒற்றைக் கைச் சூடு: போட்டிப் பிடியும் தற்காப்புப் பிடியும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் டிகெச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சுட்ட படம் எல்லாருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. கலப்பு அணிப் போட்டியில் அவருக்கும் ஷெவ்வால் இலாய்டா தர்ஹானுக்கும் வெள்ளிப் பதக்கம். பலர் அந்த நிலையை அலட்சியம் என்றும் வீரத்தனம் என்றும் பேசினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 10 மீற்றர் எயார் பிஸ்டலை, அதாவது அழுத்திய காற்றால் ஈயக் குண்டைத் தள்ளும் கைத்துப்பாக்கியை, ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும் என்பது விதி. சும்மா இருக்கிற கையைத் தொங்கவிட்டால் அது ஆடும், அதோடு தோளும் ஆடும். அதனால்தான் பையிலோ இடுப்புப் பட்டியிலோ அதை அடக்கி வைக்கிறார்கள்.

இன்னொரு ஒற்றைக் கை நிலையும் இருக்கிறது. ஒரு காலை முன்னே வைத்து, உடலை முன்னுக்குச் சாய்த்து, மறுகை முட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுடுவது. பொலிஸ், படைப் பயிற்சிகளிலும், நடந்து ஓடிச் சுடும் பிராக்டிகல் வகைப் போட்டிகளிலும் இதைக் காணலாம். தூர நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ட்ரிகரை நேரே பின்னுக்கு இழுக்கிற பழக்கம் ஒன்றைத் தவிர, இரண்டும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எதிரெதிர்.

எடையும் ட்ரிகரும்

வித்தியாசம் முழுக்க இங்கிருந்துதான் தொடங்குகிறது. போட்டி எயார் பிஸ்டலின் எடை 1500 கிராமுக்கு மேற்படக்கூடாது. பெரும்பாலானவை 900 முதல் 1000 கிராம் வரை. அதன் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் சுமையைத் தாங்க வேண்டும். ஆக, விரல் கொடுக்கிற அழுத்தம் ஆயுதத்தின் எடையில் பாதி. இதன் பக்கத்தில் குண்டு நிரப்பிய ஒரு கிளொக் 17ஐ (9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி) வையுங்கள்: எடை சுமார் 900 கிராம், ட்ரிகர் சுமார் 2.5 கிலோ. விரலின் அழுத்தம் ஆயுதத்தின் எடையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

முதலாவதைத் தளர்வான கையால் அசையாமல் சுடலாம். இரண்டாவதை அப்படிப் பிடித்தால் விரல் இழுக்கிற இழுவையிலேயே குழல்வாய் கீழே போய்விடும். இரண்டு கையால் பிடிக்கும்போது மறுகை அந்த இழுவையை வாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கையில் வாங்க ஆளில்லை.

பின்னுதைப்பும் இதே கதைதான். எயார் பிஸ்டலின் ஈயக் குண்டு அரைக் கிராம் அளவு, வேகம் செக்கனுக்குச் சுமார் 150 மீற்றர். 9 மில்லிமீற்றர் குண்டு 8 கிராம், வேகம் 350 மீற்றர் அளவில். உந்தத்தைக் கணக்குப் போட்டால் முப்பது மடங்குக்கும் மேல் வரும். ஆகவே போட்டிக்காரர் தேடுவது அசைவின்மை, தற்காப்புப் பயிற்சிக்காரர் தேடுவது உதையை அடக்கி அடுத்த சூட்டுக்குத் திரும்புகிற வேகம்.

கால் வைக்கும் விதம்

போட்டியிலேயே இரண்டு கட்சி உண்டு. பழைய கட்சி பக்கவாட்டில் நிற்பது: இரு பாதமும் ஏறத்தாழ இலக்கை நோக்கிய ஒரே கோட்டில், தோளும் கையும் அதே கோட்டில். கை எலும்பு தோள் எலும்போடு வரிசையாக நிற்பதால் தசைக்கு வேலை குறைவு. குறை இரண்டு. தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருப்பதால் கழுத்து இறுகும், கண் ஓரத்தால் பார்க்கும். மனித உடல் நின்ற இடத்தில் குதிக்காலுக்கும் கால்விரலுக்கும் இடையில்தான் அதிகம் ஆடும் என்பது இரண்டாவது. பக்கவாட்டில் நின்றால் அந்த ஆட்டம் இலக்கில் இடம் வலமாக விழும்.

புதிய கட்சி உடலைக் கொஞ்சம் திறந்து, பாதங்களை இலக்குக் கோட்டுக்கு 30 முதல் 45 பாகை வரை சரித்து வைக்கும். தலை இயல்பாக நிமிரும். முன்பின் ஆட்டத்தில் ஒரு பங்கு இலக்கை நோக்கிப் போகும், அது புள்ளியைக் கெடுக்காது. ஆனால் முன்தோள் தசை கூடச் சுமக்க வேண்டும், 60 சூட்டுப் போட்டியின் கடைசி இருபதில் அது தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தத் திறந்த நிலையையே சொல்வோம். கழுத்து இறுகினால் என்ன பிழை என்றே ஆரம்பத்தில் பிடிபடாது. தோள் வலி வந்தால் காரணம் உடனே விளங்கும்.

தற்காப்பு நிலையில் இந்த நுணுக்கம் எதுவும் இல்லை. சுடுகிற கைப் பக்கத்துக் கால் அரை அடி முன்னே, முழங்கால் இலேசாக மடங்கி, நெஞ்சு இடுப்பை விட முன்னால். போட்டிக்காரர் இப்படி நின்றால் ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கும். தற்காப்புக்காரர் போட்டி நிலையில் நிமிர்ந்து நின்றால் இரண்டாவது சூட்டில் குதிக்காலில் இருப்பார்.

எந்தக் கட்சியானாலும் போட்டியில் ஒரு சோதனை கட்டாயம். கண்ணை மூடி, கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கவும். குறி இலக்குக்கு வலமாக நின்றால் கையைத் திருப்பக்கூடாது. பின்னங்காலை நகர்த்தி முழு உடலையும் திருப்ப வேண்டும். கையால் திருத்தினால் களைத்த நேரத்தில் தசை பழைய இடத்துக்கே இழுக்கும்.

பிடி

போட்டிப் பிடியில் நடுவிரலும் மோதிர விரலும் நேரே பின்னுக்கு அணைக்கும். சுண்டுவிரல் சும்மா இருக்கும். பெருவிரல் பிடியின்மேல் கிடக்கும், அழுத்தாது. மணிக்கட்டும் முழங்கையும் பூட்டியபடி. உள்ளங்கைத் தட்டு, அதாவது கையின் அடி தங்கும் பலகை, கையை வெட்டாமலும் தளராமலும் இருக்கும்படி திருகாணியால் சரிசெய்ய வேண்டும். பிடி மணிக்கட்டுக்குப் பின்னே நீண்டு ஆதாரம் கொடுக்க விதி விடாது. சித்திரை வெயிலில் மரப்பிடி வியர்வையில் வழுக்கும். தொடர்ச்சியாகச் சுடாமல் நான்கைந்து சூட்டுக்கு ஒருமுறை மேசையில் வைத்துக் கையைத் துடைப்பது நல்லது. வழுக்குகிறது என்று இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் வரும், அதைக் குறித்தட்டில் உடனே காணலாம்.

தற்காப்புப் பிடி இதற்கு நேர்மாறு. பிடியின் முதுகில் கை எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே. எல்லா விரலும் இறுக்கம், பெருவிரல் கீழே மடிந்து அழுத்தும். மறுகையை முட்டியாக்கி நெஞ்சில் வைப்பது அழகுக்கு அல்ல: ஒரு கை இறுகினால் மறுகையும் உறுதிப்படும், அதோடு அந்தக் கை குழல்வாய்க்கு முன்னே தவறிக்கூட வராது. மணிக்கட்டு தளர்ந்தால் 9 மில்லிமீற்றர் பிஸ்டலில் ஒவ்வொரு சூட்டிலும் பின்னே ஓடித் திரும்புகிற மேற்பகுதி முழுத் தூரம் பின்னே போகாமல் வெற்றுக் கோது சிக்கும். இரண்டு கையால் ஒழுங்காக வேலை செய்கிற ஆயுதம் ஒற்றைக் கையில் சிக்கினால் ஆயுதத்தைக் குறை சொல்ல முதல் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். பெருவிரலை மேலே நீட்டி வைக்கிறவர்களுக்கு வேறு தொல்லை: அது மேற்பகுதியைத் திறந்தபடி நிறுத்தும் பூட்டு நெம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் குண்டு முடிந்தபின் மேற்பகுதி திறந்து நிற்காது.

ஆயுதத்தை 15, 20 பாகை உள்ளே சரிப்பதைத் தற்காப்பில் சிலர் விரும்புவார்கள். முன்கை தசைக்கு அது இயல்பு, மறுகையால் சுடும்போது ஆதிக்கக் கண்ணுக்கு (குறிபார்க்க இயல்பாக முந்துகிற கண்ணுக்கு) நேரே குறியைக் கொண்டுவரவும் உதவும். 5 மீற்றரில் இதனால் வருகிற விலகல் கணக்கில்லை. எயார் பிஸ்டலில் சரிவு ஒவ்வொரு சூட்டுக்கும் மாறினால் குண்டு சரிந்த பக்கமும் கீழுமாக ஓடும். நிமிர்த்தியே பிடிக்கப் பழகுவது மேல். ஆதிக்கக் கண்ணும் கையும் எதிரெதிராக இருந்தால் 30 மில்லிமீற்றருக்கு மேற்படாத மறைப்பை மறு கண்ணுக்கு முன் வைக்கலாம். அந்தக் கண்ணை இறுக்கி மூடினால் முகம் முழுக்கக் களைக்கும்.

குறியும் கணக்கும்

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் தப்பான பிழையோடு மல்லுக்கட்டுகிறார்கள். எயார் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். 4.5 மில்லிமீற்றர் குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே போதும். அதாவது முன்குறியும் (குழல்வாய்ப் பக்கத்து முனை) பின்குறியும் (கண் பக்கத்துப் பிளவு) ஒழுங்காக வரிசையில் இருந்து, கை மட்டும் 8 மில்லிமீற்றர் விலகியிருந்தாலும் பத்துத்தான். ஆனால் குறிகளின் இடைத்தூரம் 350 மில்லிமீற்றர் இருக்கிற பிஸ்டலில் முன்குறி பின்குறிப் பிளவுக்குள் 1 மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றரில் அது 28 மில்லிமீற்றருக்கும் மேல். புள்ளி ஏழு.

கை ஆடுவதை நிறுத்தப் பாடுபடாமல் முன்குறியைப் பிளவின் நடுவில் வைத்திருக்கப் பாடுபட வேண்டும் என்பதன் அர்த்தம் இதுதான். கண் முன்குறியில் கூர்மை. இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிவைக்காமல், அதற்குக் கீழே வெள்ளையில் ஒரு கீற்று விட்டுக் குறிவைப்பார்கள். கறுப்பில் கறுப்புக் குறியை வைத்தால் முன்குறியின் விளிம்பு தெரியாது.

தற்காப்புப் பயிற்சியில் குறிகளின் இடைத்தூரம் 160 மில்லிமீற்றர் அளவில்தான், அதனால் அதே 1 மில்லிமீற்றர் பிழை 7 மீற்றரில் 44 மில்லிமீற்றர். இலக்கு ஒரு ஏ4 தாள் அளவு என்பதால் அது பொருட்டில்லை. ட்ரிகரைச் சட்டென்று பிடுங்கினால் வரும் விலகல்தான் பொருட்டு.

நேரம்

போட்டியில் 60 சூட்டுக்கு 75 நிமிடம். ஒரு சூட்டுக்கு 75 செக்கன். இதைத் தெரிந்தும் பலர் அவசரப்படுகிறார்கள். மூச்சை இழுத்தபடி கையை இலக்குக்கு மேலே உயர்த்தி, பாதி மூச்சை விட்டபடி மெல்ல இறக்கி, இறங்கும்போதே ட்ரிகரின் முதல் கட்டத்தை (சூடு போகுமுன் வரும் இலேசான இழுவையை) வாங்கிவிட வேண்டும். குறி அமைந்தபின் 5 முதல் 8 செக்கனுக்குள் சூடு போக வேண்டும். பத்துச் செக்கன் தாண்டினால் கண் பொய் சொல்லத் தொடங்கும். கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்க வேண்டும். இறக்குவதில் வெட்கம் இல்லை, நேரம் தாராளம். சூடு போனபின்னும் ஒன்றிரண்டு செக்கன் குறியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். குண்டு குழலை விட்டுப் போக நேரம் எடுக்கும் ஆயுதம் இது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: 25 மீற்றர் பிஸ்டல். .22 தோட்டா, 1000 கிராம் ட்ரிகர். விரைவுப் பகுதியில் கை 45 பாகையில் தாழ்ந்திருக்கும், இலக்கு 3 செக்கன் தோன்றும், 7 செக்கன் மறையும். இதில் கையை உயர்த்தும்போதே ட்ரிகர் தொடங்க வேண்டும். நின்று சுடும் பழக்கமும் வேகமாகச் சுடும் பழக்கமும் இங்கேதான் சந்திக்கின்றன.

குறித்தட்டைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது

வலக்கைக்காரருக்கு குண்டுகள் இடப்பக்கம் கீழே கூடினால், ட்ரிகர் விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. இடக்கைக்காரருக்கு அதுவே வலப்பக்கம் கீழே. கிடைமட்டமாகப் பரந்தால் கால் நிலையையும் பின்னங்காலையும் பாருங்கள். மேல்கீழாக நீண்டால் மூச்சு, அல்லது மணிக்கட்டு. ஒழுங்கில்லாமல் எங்கும் சிதறினால் கண் இலக்குக்குப் போய்விட்டது.

ஆயுதம் இல்லாத நாளிலும் கைப்பயிற்சி செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் பிஸ்டலின் எடைதான். நீட்டிய கையில் 20 செக்கன் பிடித்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, பத்துத் தடவை. இரண்டு லீற்றருக்குத் தாவினால் தோள்மூட்டுத்தான் கெடும். கழகத்தில் ஆயுதம் கிடைக்கும்போது குண்டு இல்லாமல் வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி இழுத்து, முன்குறி அசைகிறதா என்று பாருங்கள். இலக்கு இல்லாததால் கண் ஏமாற இடமில்லை. சுடாமல் இழுக்கும் வசதி உள்ள ஆயுதத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

வன்னியில் எது

வயலுக்குப் பன்றிக் காவல் என்றால் அது துவக்கின் வேலை, பிஸ்டல் பற்றிய பேச்சே இல்லை. தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி அனுமதி என்பது பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிற விடயம், சாதாரண ஆளுக்கு எட்டாது. அதனால் கடமைக்காக ஆயுதம் ஏந்துகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தற்காப்பு ஒற்றைக் கைப் பிடி ஒரு படிப்பறிவு மட்டுமே. காணி துப்புரவாக்கும்போது பழைய ஆயுதம் ஏதும் வெளிப்பட்டால் கையால் தொடாமல் இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். துருப்பிடித்த ஒன்றை வைத்துப் பழகலாம் என்று நினைப்பது விரலையோ உயிரையோ பந்தயம் வைப்பது.

எயார் பிஸ்டலில் பயிற்சி பெற விரும்புகிறவருக்கு இடம் பெரிதாகத் தேவையில்லை. குண்டைத் தாங்கும் பின்தடுப்பும், குறுக்கே ஆள் வர வழியில்லாத பத்து மீற்றரும், அனுமதியுள்ள கழகமும் போதும். அரைச்சுவர் மண்டபமாக இருந்தால் சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று நீட்டிய கையைத் தள்ளும், குண்டையும் கொஞ்சம் தள்ளும். காற்று வரும் பக்கம் ஒரு திரை கட்டினால் அரைவாசிப் பிரச்சினை தீரும். ஆயுதத்தின் காற்றுக் குப்பியை 200 பார் அழுத்தம் வரை நிரப்ப வேண்டும். கரையோரத்தில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர்களின் சிலிண்டரிலிருந்து நிரப்பலாம் என்றால், ஈரம் வடிகட்டிய காற்றா என்று கேட்டுத்தான். ஈரக்காற்றால் உள்ளே துருப்பிடிக்கும், குண்டின் வேகம் சூட்டுக்குச் சூடு மாறும்.

ஒரு கையை இழந்தவர்கள் நிறைய வாழ்கிற மண் இது. மறுகை விதிப்படியே தேவைப்படாத விளையாட்டு இதுபோல வேறு அதிகம் இல்லை. ஹங்கேரியின் கரோலி தகாச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின் இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீற்றர் விரைவுச் சூட்டில் தங்கம் வென்றார். பராலிம்பிக்கிலும் 10 மீற்றர் எயார் பிஸ்டல் உண்டு.

நடைமுறையில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கை இல்லாத பக்கம் உடல் எடை குறைவு, அதனால் இடுப்பு சுடும் பக்கம் சரியும்; பாதங்களை வழக்கத்தைவிட ஒரு கையகலம் கூட அகட்டி, எடை இரு குதியிலும் சமமா என்று பார்க்க வேண்டும். மற்றது குண்டு போடுவது. பக்க நெம்புள்ள பிஸ்டலைக் குழல்வாய் இலக்கை நோக்கியபடி மேசையில் ஒரு மரத்தாங்கியில் பிடியை ஊன்றி வைத்து, நெம்பைத் திறந்து, குண்டைப் பெருவிரலால் தள்ளி மூடலாம். குண்டுப் பெட்டி தட்டையான மூடியில்லாக் கிண்ணமாக, கை போகிற பக்கத்தில் இருக்கட்டும். தாங்கியின் உயரம் தொப்புள் மட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் குனிய வேண்டியதில்லை, முதுகும் நிலையும் கலையாது.