பிராக்டிஸ் மியூட் வாங்கப் போகிறீர்களா? அரை மாதச் சம்பளம் போன விதத்தைக் கேளுங்கள்

அரை மாதச் சம்பளம். விற்ற இணையச் சந்தைக்காரர்கள் என் புகாரைத் "தீர்க்கப்பட்டது" என்று எழுதி நேற்று மூடிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தோன்றும். எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

பொருள்: யூஃபோனியம் என்ற தாழ்ந்த சுருதிப் பித்தளை ஊதுகருவிக்கான பிராக்டிஸ் மியூட், அதாவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பழகுவதற்காகப் பெல்லுக்குள் (கருவியின் விரிந்த வாய்க்குள்) வைக்கும் அடைப்பு. விற்றவர்: யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய ஓர் இணையச் சந்தையில், "பித்தளைக் கருவி நிபுணர்" என்று பலகை மாட்டியிருக்கும் ஒருவர். டிரம்பெட் வாசிப்பவருக்கு மியூட் குவிந்து கிடக்கிறது. யூஃபோனியம், டியூபா, பாஸ் டிராம்போன் என்றால் தேர்வு குறைவு, விலை அதிகம். இந்த மாதிரி விற்பனையாளர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

விளம்பரத்தில் இருந்தது இது: யூஃபோனியம், பாரிட்டோன், டெனார் டிராம்போன் எல்லாவற்றுக்கும் பொருந்தும், உள்ளே பிக்கப் மைக், கூடவே ஹெட்ஃபோன் பெட்டி, 90 சதவீதம் சத்தம் குறையும்.

மூன்று கருவிக்கும் ஒரே மியூட்டா என்று கேட்டதற்கு அவர் அனுப்பிய பதில்தான் நம்ப வைத்தது. "சார், பெல் விட்டம் வேண்டாம், அது எதுக்கும் உதவாது. விளிம்பிலிருந்து உள்ளே ஒரு சாண் தள்ளி, தொண்டையோட உள் விட்டம் எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க." சரியான கேள்வி. மியூட் உட்காருவது தொண்டையில்தான், விளிம்பில் இல்லை. டெனார் டிராம்போன் பெல் 8 முதல் 8.5 அங்குலம், யூஃபோனியம் 11, 12 அங்குலம் என்ற வித்தியாசத்தைவிட, எந்த ஆழத்தில் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். தொழில் தெரியாதவன் இதைக் கேட்க மாட்டான். அளவைச் சொன்னதும் "உங்க அளவுக்கே கார்க் வளையம் செதுக்கி அனுப்புறேன்" என்றார். கூடவே ஒரு வீடியோ: ஃபோனில் டெசிபல் ஆப், முதலில் மியூட் இல்லாமல், பிறகு மியூட்டோடு. எண் சரசரவென்று இறங்கியது. அரை மாதச் சம்பளமும் அப்படியே இறங்கியது.

வந்தது பிராக்டிஸ் மியூட்டே இல்லை. டிராம்போனுக்கான சாதாரண ஸ்ட்ரெய்ட் மியூட். வித்தியாசம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ட்ரெய்ட் மியூட்டின் கழுத்தைச் சுற்றி மூன்று கார்க் பட்டைகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே இடைவெளி. காற்றும் ஒலியும் அந்த இடைவெளி வழியே வெளியேறும். அகன்ற அடிப்பக்கம் மூடியிருக்கும். அது ஒலியின் நிறத்தை மாற்றுவதற்கானது, அடக்குவதற்கானது இல்லை. பிராக்டிஸ் மியூட்டில் வளையம் முழுதாகச் சுற்றி பெல்லை அடைத்துவிடும். மூச்சு போக அளந்து வைத்த ஒரு சிறு துளையோ குழாயோ மட்டும் இருக்கும். இந்த மகராசன் செய்தது என்ன? மூன்று கார்க் பட்டைகளுக்கு நடுவே கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் துண்டுகளைத் திணித்து, மேலே கறுப்பு டேப் சுற்றி, அடித்தட்டில் துளை போட்டிருக்கிறார். துளையின் விளிம்பில் பிசிறுகூட எடுக்கவில்லை.

இதனால் என்ன கெடுகிறது என்றால், முதலில் கசிவு. ஃபோம் கார்க்கைப் போல அழுத்தம் தாங்காது. சத்தமாக வாசித்தால் அதிர்ந்து வழிவிடும், ஓரத்தில் 'பர்ர்' என்று ஒலிக்கும். துளையின் அளவை எவ்வளவு பார்த்துப் போட்டாலும் வளையம் கசிந்தால் பயனில்லை. அடுத்தது ஆழம். யூஃபோனியம் பெல் சீராக விரிந்துகொண்டே போவது; டிராம்போன் மியூட் அதற்குள் வெகு ஆழத்தில் போய் உட்காருகிறது. தாழ்ந்த பார்ஷியல்கள் (வால்வை மாற்றாமல் உதட்டால் மட்டும் எடுக்கும் நோட்டுகள்) பெல்லின் உட்பகுதியிலேயே திரும்பிவிடும், உயர்ந்தவை விளிம்பு நோக்கி இன்னும் தூரம் போய்த் திரும்பும். நடுவில் ஒரு கட்டையை வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு விலகும். அடித்தள பி ஃபிளாட் ஒரு பக்கம் போக, அதற்கு மேலே எஃப் வேறு பக்கம் போகிறது. இன்னொன்று, மியூட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் துளைக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. தாழ்ந்த கருவிகளில் அது வாசிக்கும் எல்லைக்குள்ளேயே வந்து உட்காரும். டிராம்போனில் ஸ்ட்ரெய்ட் மியூட் போட்டால் 58 ஹெர்ட்ஸ் பெடல் பி ஃபிளாட் (கருவியின் அடிமட்ட நோட்) தடுமாறுவது இதனால்தான். யூஃபோனியத்துக்கும் பெடல் அதே சுருதி. இந்த டப்பாவில் பெடல் நோட் உடைந்து உடைந்து வந்தது.

பிக்கப் மைக்கைப் பற்றி எழுதவே வெறுப்பாக இருக்கிறது. சட்டைக் காலரில் மாட்டும் மைக்கைக் கழற்றி ஒட்டியிருக்கிறார். அடைத்த பெல்லுக்குள் ஒலியழுத்தம் வெளியே கேட்பதைவிடப் பல மடங்கு. பேச்சுக்காகச் செய்த மைக் அதைத் தாங்காது, மெஸ்ஸோ ஃபோர்டேயிலேயே, அதாவது நடுத்தரச் சத்தத்திலேயே, கரகரவென்று வெட்டுப்படும். மூச்சின் ஈரம் வேறு நேராக அதன்மேல் போய்ப் படிகிறது.

90 சதவீதம் என்ற எண் முழுப் பொய்யாகக்கூட இருக்க வேண்டியதில்லை, அதுதான் எரிச்சல். ஒலியாற்றல் 90 சதவீதம் குறைந்தால் 10 டெசிபல் குறையும். காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் அப்போதும் கதவைத் தட்டுவார். 99 சதவீதம் குறைந்தால்தான் 20 டெசிபல், காதுக்குக் கால்வாசி. விற்பவர் டெசிபலில் பேசாமல் சதவீதத்தில் பேசினாலே சந்தேகப்படுங்கள். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும்: முதல் பாதியில் ஃபோன் பெல்லின் வாய்க்கு நேர் மேலே, இரண்டாம் பாதியில் பக்கவாட்டில் தள்ளி. தடைகள் இல்லாத வெளியில் தூரம் இரட்டித்தாலே 6 டெசிபல் போய்விடும். மியூட்டைப் பெல்லில் வைக்காமலே அந்த 10 டெசிபல் இறக்கத்தில் பாதிக்கு மேல் காட்டிவிடலாம்.

இனி சாக்குகள். முதல் பதில்: "ஃபோம் செட் ஆக ஒரு வாரம் எடுக்கும் சார், தினமும் வாசிங்க." திருப்பி அனுப்பும் கெடுவும் அதே ஒரு வாரம்தான், தற்செயலாகவாம்! கெடு முடிந்ததும் தொனி மாறிவிட்டது: "காற்றை இன்னும் கொடுக்கணும், உங்க உதடு பழகலை." எல்லா பிராக்டிஸ் மியூட்டும் காற்றைத் தடுக்கும், அது உண்மை. கசியும் மியூட் உதட்டைப் பழக்காது. அடுத்து: "எல்லா மியூட்டும் சுருதி ஏற்றும், ஸ்லைடை வெளியே இழுங்க." இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. எல்லா நோட்டும் ஒரே அளவு ஏறினால் டியூனிங் ஸ்லைடால் (இழுத்துச் சுருதியை இறக்கும் குழாயால்) சரிசெய்யலாம். வால்வு எதுவும் அழுத்தாமல் பி ஃபிளாட், எஃப், மேல் பி ஃபிளாட், டி என்று டியூனரில் பார்த்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு விலகினால் எந்த ஸ்லைடும் காப்பாற்றாது. அந்த அளவுகளை அட்டவணையாகப் போட்டு அனுப்பினேன். "ஓகே சார், நோட்டட்" என்று வந்தது. அதோடு சரி.

சந்தைக்காரர்கள் இன்னும் மேல். "பொருள் படத்தோடு பொருந்துகிறது." ஆமாம், படத்திலும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பிறகு, வாயால் ஊதும் கருவி சார்ந்த பொருள், சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற முடியாதாம். மியூட்டை யார் வாயில் வைக்கிறார்கள்? அதை விளக்கி எழுதியதற்கு முதல் பதிலையே திரும்பவும் ஒட்டி அனுப்பினார்கள். கடைசியில் நல்லெண்ணமாக அடுத்த முறை வாங்கினால் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். அரை மாதச் சம்பளத்தை வாயில் போட்டுக்கொண்டு கூப்பன்!

எப்படி வாங்குவது என்று சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவுதான்:

பணம் கட்டும் முன், கழுத்துப் பக்கத்திலிருந்து நேராக எடுத்த படம் கேளுங்கள். வளையம் ஒரே துண்டாக, முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பொருள் வந்த அன்றே: மியூட்டை உள்ளே வைத்து லேசாகத் திருகி, துளையை விரலால் அடைத்துக்கொண்டு மவுத்பீஸில் மெதுவாக ஊதுங்கள். மூச்சு அப்படியே நிற்க வேண்டும். போய்க்கொண்டிருந்தால் வளையம் கசிகிறது. இதை வீடியோ எடுத்து அன்றே புகார் போடுங்கள், "செட் ஆகட்டும்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

டெசிபல் வீடியோ என்றால் ஃபோனை ஒரே இடத்தில் நிறுத்தி, நடுவில் வெட்டாமல் எடுத்ததாக இருக்கட்டும்.

கசிகிறதே என்று மியூட்டை பலமாக அழுத்தித் திணிக்காதீர்கள், தொண்டையில் சிக்கினால் எடுக்கும்போது பெல் நெளியும். அந்தச் செலவையும் அவர்கள் தரமாட்டார்கள்.